நான்கு இண்டர்நெட் புத்தகம் வாங்கினேன், பெரியம்மாவிடம் தேறியது ஒன்று

என் பெரியம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். 67 வயது, நடுநிலைப் பள்ளியில் 34 வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன டிசம்பரில் போன் செய்து, "எனக்கு இண்டர்நெட் கத்துக்கணும்டா, நல்ல புக்கா ஒண்ணு வாங்கிட்டு வா, வீடியோ லிங்க் எல்லாம் அனுப்பாதே" என்றார். வீடியோவில் என்ன குறை என்று கேட்டேன். "அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறான், நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடறதுக்குள்ள மூணு பட்டனை அமுக்கி முடிச்சுட்டான்" என்றார். நியாயம்தான். புத்தகம் காத்திருக்கும், பென்சிலால் கோடு போடலாம், நேற்று விட்ட இடத்தில் மயிலிறகோ பால் பில்லோ வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கற்றுக்கொள்ளவும் அதுதான் வசதி.

அவருக்கு வேண்டியது மூன்று காரியம். உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூருக்கு யாரையும் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் ஓய்வூதியத்துக்குக் கொடுக்கிற உயிர்வாழ் சான்றிதழை, மஸ்டரிங் என்போமே அதை, வீட்டிலிருந்தே முடிக்க வேண்டும். மூன்றாவது, பழைய மாணவர்களுக்குக் கடிதம் மாதிரி நீளமாக மெயில் எழுத வேண்டும், வாட்ஸ்அப்பில் கட்டை விரல் படம் அனுப்புவது அவருக்குப் பதில் எழுதியதாகவே கணக்கில்லை. பெரியப்பா இருந்தவரை இதெல்லாம் அவர் வேலை. இப்போது பக்கத்து வீட்டுப் பையன் செய்து தருகிறான், நல்ல பையன்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபியை அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் பெரியம்மாவுக்கு உறுத்தல்.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சிக்குப் போனபோது இரண்டு வாங்கினேன், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இன்னும் இரண்டு. நான்கின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. எல்லாத் தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், 'எளிய', 'எல்லோருக்கும்', 'கற்றுக்கொள்ளுங்கள்' என்ற மூன்று சொல்லை மாற்றி மாற்றிப் போட்டால் கடையில் இருக்கும் பாதிப் புத்தகத்தின் தலைப்பு வந்துவிடும். கையில் எடுத்த புத்தகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும், பெயர் தெரிந்து பெரிய லாபமில்லை.

முதல் புத்தகம் தடித்தது, 350 ரூபாய், அட்டையில் பூமி உருண்டையைச் சுற்றி ஒயர். ஸ்டாலில் நின்றபடி அச்சு விவரப் பக்கத்தைப் பார்த்தேன், 2019 என்று இருந்தது, சரி என்று எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால் 2019 என்பது மறு அச்சு, முதல் பதிப்பு 2006. இந்த வித்தியாசம் பெரிது. மறு அச்சு என்றால் அதே பக்கங்களைத் திரும்ப அச்சடித்தது, திருத்திய பதிப்பு என்றால்தான் உள்ளே யாராவது கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாவல் எத்தனை மறு அச்சு போனாலும் சந்தோஷம், இண்டர்நெட் புத்தகத்துக்கு அது ஆகாது. உள்ளே இண்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறக்கச் சொல்கிறது, அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. யாஹூ மெசஞ்சருக்கு ஒரு முழு அத்தியாயம், அது 2018 ஜூலையில் மூடப்பட்டது. ஆர்குட் என்ற பழைய நட்பு வலைத்தளத்துக்கு எட்டுப் பக்கம், அது 2014 செப்டம்பரோடு போயிற்று. தமிழ் தெரிவதற்கு எந்தெந்த எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும் என்று ஒரு பட்டியல் வேறு, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவலாகாத காலத்துப் பாடு அது, இன்றைக்குப் போனை எடுத்தாலே தமிழ் தெரிகிறது.

ஆனால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. முதல் 40 பக்கம் வரலாறு, 1969இல் அமெரிக்காவில் இண்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட் தொடங்கியதிலிருந்து 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைப்பு கொடுத்தது வரை நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "எல்லாம் சரி, இப்ப நான் எதை அமுக்கணும்?" என்றார். 40 பக்கம் தாண்டியும் விரல் வைக்க ஓர் இடம் காட்டவில்லை என்றால் அது ஆரம்பநிலைப் புத்தகம் இல்லை, இண்டர்நெட்டைப் பற்றிய புத்தகம். இரண்டும் வேறு வேறு. ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் இன்றைக்கும் அப்படியே செல்லும், மின்னஞ்சல் அத்தியாயம். பெறுநர், நகல், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத நகல் மூன்றையும் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையை வைத்து விளக்கியிருந்தார் ஆசிரியர். தலைமையாசிரியருக்கு ஒரு பிரதி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி என்று 34 வருஷம் எழுதிய கைக்கு அது ஒரு நொடியில் பிடித்துவிட்டது. பழைய புத்தகத்தில் எது கெட்டுப்போகும், எது கெடாது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. பட்டன் எங்கே இருக்கிறது என்பது இரண்டு வருஷத்தில் கெட்டுவிடும். அந்தப் பட்டன் எதற்காக இருக்கிறது என்பது இருபது வருஷம் தாங்கும்.

இரண்டாவது புத்தகம் பார்க்க அவ்வளவு அழகு. வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், 499 ரூபாய். மொழிபெயர்ப்பு. பெரியம்மா ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டார். "உங்கள் உலாவியின் முகவரிப் பட்டையில் நீங்கள் விரும்பும் தளத்தின் முகவரியை உள்ளிடவும்" என்ற மாதிரி வாக்கியங்கள். தமிழ் தவறில்லை, ஆனால் போனில் அவர் பார்ப்பது குரோம் என்ற வட்டமான படத்தை. உலாவி என்றால் அதுதான் என்று எந்தப் பக்கத்திலும் சேர்த்துச் சொல்லவில்லை. நான் நல்ல தமிழுக்கு எதிரி இல்லை, தேடுபொறி, கடவுச்சொல் எல்லாம் எனக்குப் பிடித்த சொற்கள். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குத் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் புத்தகத்திலும் இருக்க வேண்டும். போன் ஆங்கிலத்தில் இருந்தால் 'டவுன்லோட்' என்று இருக்கும், தமிழுக்கு மாற்றியிருந்தால் 'பதிவிறக்கு' என்று இருக்கும், நல்ல புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே உங்கள் போன் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். வாங்கும் முன் இதை ஒரு நிமிஷத்தில் சோதிக்கலாம். யாருக்கு வாங்குகிறீர்களோ அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் சொல்லும் பெயர் திரையில் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

அந்தப் புத்தகத்தில் பொருள் வாங்கும் உதாரணம் முழுக்க டாலர். யுபிஐ என்ற சொல்லே கிடையாது. 2016இல் வந்து இன்றைக்குக் கீரைக்காரம்மாவின் கூடையிலும் தொங்குகிற ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இங்கே ஒருவருக்கு இண்டர்நெட் சொல்லிக் கொடுக்க முடியாது. இதைக்கூட விட்டுவிடலாம், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பாதுகாப்பு அத்தியாயத்தில். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தப்பு. அந்தப் பூட்டு சொல்வதெல்லாம் உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான். மறுமுனையில் இருப்பவன் நல்லவனா திருடனா என்று அது சொல்லாது, திருட்டுத் தளத்துக்கும் பூட்டு சுலபமாகக் கிடைக்கும். ஜனங்கள் இப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுளே 2023இல் குரோமிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது. பூட்டைப் பார் என்று சொல்லும் புத்தகத்தைவிட, முகவரியின் கடைசிப் பகுதியைப் படிக்கக் கற்றுக் கொடுக்கும் புத்தகம் நூறு மடங்கு மேல். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் கவ் புள்ளி இன் (gov.in) என்று முடியும். வங்கிகளை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபருக்குள் பேங்க் புள்ளி இன் (bank.in) என்று முடியும் முகவரிக்கு மாறச் சொல்லியது, இந்த ஒரு வரியைப் பெரியம்மாவின் டைரியில் நானே எழுதி வைத்தேன்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு எழுதியது போல. இணையம் வரையறு, இணையத்தின் நன்மைகள் ஐந்து எழுதுக. பெரியம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல கேள்வித்தாள் எடுக்கலாம், ரயில் டிக்கெட் எடுக்க முடியாது" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

நான்காவது 96 பக்கம், 120 ரூபாய், சாணித்தாள் மாதிரி தாள். நான் அதைச் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, முழுக்க போன்தான், அதுவும் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு காரியம். கரண்ட் பில் கட்டுவது, ரயில் டிக்கெட், மஸ்டரிங், போட்டோ அனுப்புவது, இப்படி. எழுதியவர் வயதானவர்களுக்கு வகுப்பு எடுத்தவர் என்று முன்னுரையில் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்திருக்கும், ஏனென்றால் அது விரலைப் பற்றியது. தொடுவது வேறு, அழுத்திப் பிடிப்பது வேறு, தேய்ப்பது வேறு. பெரியம்மா ஒரு ஆப்பைத் திறக்கும்போது அழைப்பு மணியை அழுத்துவது போல அழுத்திக்கொண்டே இருப்பார், படம் நடுங்கும், விரலோடு நகர்ந்து வேறு பக்கத்துக்குப் போய்விடும், "காணாமப் போச்சுடா" என்பார். நாங்கள் எல்லோரும் எத்தனையோ தடவை, "லேசா தொடுங்க பெரியம்மா" என்று சொல்லியிருக்கிறோம். அந்தப் புத்தகம், கோலப்பொடி டப்பாவைத் தட்டுவது போலத் தட்டிவிட்டு விரலை உடனே எடுங்கள் என்கிறது. அன்றைக்கே சரியாகிவிட்டது. எனக்குத் தோன்றாத உவமை, வகுப்பில் நூறு பேருடைய விரலைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

தமிழில் எழுத்தடிக்கிற பக்கமும் அப்படித்தான். விசைப்பலகை எதுவென்று வகைகளைச் சொல்லிக் குழப்பாமல், கூகுள் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுப் பேசலாம், அல்லது திரையில் விரலாலேயே எழுதலாம் என்று இரண்டு வழி மட்டும் காட்டியிருக்கிறார். கரும்பலகையில் எழுதிப் பழகிய பெரியம்மா விரலால் 'அன்புள்ள' என்று எழுதி, அது அச்செழுத்தாக மாறுவதைப் பார்த்துவிட்டு அதை அழித்து மறுபடி எழுதினார், மூன்று தடவை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் தப்பாகப் போனால் என்ன செய்வது என்று அரைப் பக்கமாவது இருக்கிறது. பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை, அப்போது என்ன? புத்தகத்தில் இருக்கும் பட்டன் போனில் இல்லை, அப்போது என்ன? திரும்பிப் போகிற அம்புக்குறியைத் தொட்டால் எதுவும் கெட்டுப் போகாது, ஆனால் பணம் செலுத்திக்கொண்டிருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும், இப்படிப் போகிறது. மற்ற மூன்று புத்தகங்களிலும் எல்லாமே முதல் தடவையிலேயே சரியாக நடக்கிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை, புதியவர் பயப்படுவது எப்படிச் செய்வது என்பதற்காக இல்லை, தப்பாகச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகத்தான். கடையில் உங்களுக்கு இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். அது இல்லாத புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் நின்றுவிட்டது. பெரியம்மா தானாகவே போனில் கம்பெனி பெயரைப் போட்டு கஸ்டமர் கேர் நம்பரைத் தேடினார், முதலில் வந்த நம்பருக்குப் பேசினார். மறுமுனையில் நல்ல தமிழ், "அம்மா, அம்மா" என்று மரியாதை. புகாரைப் பதிய பத்து ரூபாய் மட்டும் கட்ட வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதைத் தொட்டு இன்ஸ்டால் கொடுங்கள் என்றான். பெரியம்மா தொடப் போனவர் நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷம்ப்பா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டார். அடுப்பில் பால் இல்லை. புத்தகத்தை எடுத்து, தான் கோடு போட்டிருந்த இடத்தைத் தேடிப் படித்தார். யாராவது லிங்க் அனுப்பி எதையாவது நிறுவச் சொன்னால் முதலில் போனை வையுங்கள் என்றும், கஸ்டமர் கேர் நம்பரைத் தேடலில் எடுக்காமல் பில்லிலோ பொருளின் மேல் ஒட்டிய சீட்டிலோ பாருங்கள் என்றும் அங்கே இருக்கிறது. மெஷின் பின்னால் எட்டிப் பார்த்தால் சீட்டில் வேறு நம்பர். அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார், குரல் கொஞ்சம் நடுங்கியது. நான் கேட்டுவிட்டு அந்த ஃபைலை அழிக்கச் சொன்னேன். முடிவது ஏபிகே என்று இருந்ததா பார்த்தீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்று எந்த வேஷத்தில் வந்தாலும் அந்த மூன்றெழுத்து கடைசியில் இருந்தால் அது படமோ கடிதமோ இல்லை, போனுக்குள் குடியேறப் பார்க்கிற ஆப். ஓடிபியை அதுவே படித்து அனுப்பிவிடும்.

இன்றைக்கு ஒரு ஆரம்பநிலைப் புத்தகம் வாங்கினால் பின்னால் இருந்து புரட்டி, இவையெல்லாம் இருக்கிறதா பாருங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே வேண்டாம், பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். பணம் பறிபோனால் உடனே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேச வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருப்பவன் போலீஸ் இல்லை. நான்காவது புத்தகத்தில் முதல் இரண்டு இருக்கிறது, மூன்றாவது இல்லை, அந்த மோசடி பரவுவதற்கு முன்னால் அச்சானது போலிருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து மிகச் சிறியது, முதியவர்களுக்கு எழுதிய புத்தகத்தை இந்த அளவில் அச்சடித்தது பெரிய தவறு, இன்னும் 40 பக்கம் கூடி விலை 50 ரூபாய் ஏறினாலும் நான் வாங்கியிருப்பேன். திரைப் படங்கள் தபால் தலை அளவில், கறுப்பு வெள்ளையில், சாம்பல் பூசியது போல இருக்கின்றன. மஸ்டரிங் அத்தியாயத்தில் ஜீவன் பிரமாண் ஆப்பை மட்டும் நிறுவச் சொல்கிறார், முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்க ஆதாரின் முக அடையாள ஆப் ஒன்றும் தனியாக வேண்டும், அதைச் சொல்லாததால் எங்களுக்கு ஒரு மத்தியானம் போயிற்று. ரயில் அத்தியாயத்தில் மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று ஒரு வரி, அது 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டது, பெரியம்மா தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் தான்தான் தப்பாகச் செய்வதாக நினைத்துக்கொண்டார். கீழ்ப் படுக்கைக்கான மூத்த குடிமக்கள் கோட்டா இருக்கிறது, 45 வயது தாண்டிய பெண்கள் அதில் எடுக்கலாம், அதை இவர் விட்டுவிட்டார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ரயில் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள், சலுகை இன்னும் உண்டு என்று இருந்தால் அந்தப் பக்கம் 2020க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்று அர்த்தம்.

இத்தனைக்கும் பிறகு 120 ரூபாய்க்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. காசு கொடுப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், கணினி அலமாரியில் இந்த மாதிரி நாலைந்து இருக்கும், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். இன்னொன்று, நீங்களே தேர்ந்தெடுத்துப் பரிசாகக் கொடுக்காதீர்கள், படிக்கப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போய் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். நான் அழைத்துப் போயிருந்தால் முதல் மூன்றையும் வாங்கியிருக்க மாட்டேன், 499 ரூபாய்ப் புத்தகத்தைப் பெரியம்மா ஐந்தாம் பக்கத்தில் வைத்துவிட்டிருப்பார்.

போன வாரம் கும்பகோணம் போயிருந்தேன். அந்தப் புத்தகம் ஊஞ்சல் பலகையில் கிடந்தது, உள்ளே சிவப்பு மை. பட்டன் இடம் மாறிய பக்கத்தில் எல்லாம் ஓரத்தில், 'இப்போது மேலே வலப்பக்கம்', 'இரண்டு ஆப் வேண்டும்', 'சலுகை கிடையாது' என்று பரீட்சைத் தாள் திருத்துவது போலத் திருத்தி வைத்திருக்கிறார். 17 திருத்தம். பின் அட்டையில் பதிப்பகத்தின் மெயில் முகவரி இருக்கிறது, அடுத்த பதிப்புக்கு உதவும் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பப் போகிறாராம். பாதி எழுதியாயிற்று, விரலால்.